சைரன் இல்லாமல் வந்த பச்சை

போன வாரம் டெக்சாஸில் இருக்கும் என் தம்பி மகன் தொலைபேசியில் கேட்டான். "அத்தை, சிவப்பு விளக்கைப் பச்சையாக மாற்றுகிற கருவி ஒன்று இருக்கிறதாமே, காரில் வைத்துக்கொள்ளலாமாமே, உண்மையா? நீங்கள்தான் சிக்னல் வேலையிலேயே இருந்தவர்கள் ஆயிற்றே." விளையாட்டாகத்தான் கேட்டான். என்னால் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவன் அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்ததால் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

2004 கோடைக்காலம். மினியாபொலிஸுக்கு மேற்கே ஒரு சிறு ஊரில் குடியிருந்தோம். நான் அந்தப் பகுதியின் சாலைத் துறையில் சிக்னல்களுக்கு நேரம் வகுக்கும் பொறியாளர். எந்தச் சந்திப்பில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை நொடி பச்சை, மஞ்சள் எவ்வளவு, நடப்பவர்களுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு எழுதுவது என் வேலை. சாலையோரம் ஆள் உயரத்துக்கு அலுமினியப் பெட்டி ஒன்று நிற்குமே, அதற்குள்தான் சிக்னலின் மூளை இருக்கிறது. கதவின் உட்புறம் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் தொங்கும். அதில் என் கையெழுத்தில் எண்கள் இருக்கும்.

அந்த மே மாதம் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தாள். வயது 67. வலது முழங்காலில் தேய்மானம். ஆனால் காலையில் நடக்காமல் அவளால் இருக்க முடியாது. எங்கள் வீட்டுக்கு மேற்கே பெரிய சாலை ஒன்று வடக்கு தெற்காக ஓடுகிறது. அதைக் கடந்தால் ஏரி, ஏரியைச் சுற்றி நடைபாதை. காலை ஏழரைக்குச் சேலைக்கு மேல் என் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மினசோட்டாவின் ஜூன் மாதமே அவளுக்கு மார்கழி.

ஒரு நாள் திரும்பி வந்ததும் சொன்னாள். "இன்றைக்கு அந்த விளக்கு என்னைப் பாதி ரோட்டில் விட்டுவிட்டதடி."

நீ தாமதமாகக் காலை வைத்திருப்பாய் அம்மா என்றேன். கை படம் மின்னத் தொடங்கிய பிறகு இறங்கக் கூடாது, நடக்கிற மனிதன் படம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்று பாடம் எடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னாள். இந்த முறை குரல் நடுங்கியது. "மனிதன் படம் வந்த பிறகுதான் காலை வைத்தேன். நடுரோட்டைத் தாண்டிப் போகிறேன், அந்தப் பக்கத்து வண்டிகளுக்குப் பச்சை விழுந்துவிட்டது. ஒரு லாரிக்காரன் கிளம்பிவிட்டுச் சட்டென்று நிறுத்தினான். நீ எழுதிய கணக்கு என்கிறாய். அதில் எனக்கு எத்தனை நொடி வைத்திருக்கிறாய்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் துல்லியமான விடை இருந்தது. சாலையின் அகலம் 84 அடி. நடப்பவர் நொடிக்கு 4 அடி போவார் என்பது அன்றைய கணக்கு. (2009-இல் அமெரிக்காவின் சிக்னல் விதிநூலைத் திருத்தியபோது அதை மூன்றரை அடியாகக் குறைத்தார்கள். வயதானவர்கள் கூடிவரும் நாட்டில் அது தாமதமாக வந்த நியாயம்.) ஆக மின்னும் கைக்கு 21 நொடி, அதற்கு முன்னால் மனிதன் படத்துக்கு 7 நொடி, மொத்தம் 28. அம்மாவின் நடை நொடிக்கு 3 அடி. நானே பின்னர் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். 84 அடிக்கு 28 நொடி. ஒரு நொடி கூட மிச்சமில்லை, ஆனால் போதும். யாரும் நடுவில் வெட்டாமல் இருந்தால் போதும்.

நடுவில் வெட்டுகிற உரிமை ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அமெரிக்காவின் பல ஊர்களில் சிக்னல் கம்பத்தின் குறுக்குக் கையில், விளக்குகளுக்குப் பக்கத்தில், சிறு குழாய் போன்ற ஒரு பொருளைப் பார்க்கலாம். வருகிற வண்டிகளை நோக்கியபடி இருக்கும். அது ஒரு கண். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டியின் கூரையில் ஒரு வெண்விளக்கு நொடிக்குப் பதினான்கு முறை என்ற கணக்கில், கொஞ்சமும் பிசகாமல் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கண் பிடித்ததும் பெட்டிக்குள் செய்தி போகும். சிக்னல் தான் செய்துகொண்டிருந்ததை முடித்துவிட்டு அந்த வண்டி வருகிற திசைக்குப் பச்சை கொடுக்கும். பஸ்களுக்கு இன்னொரு துடிப்பு, நொடிக்கு ஏறத்தாழ பத்து. அது பணிவான வேண்டுகோள், பச்சையைச் சற்று நீட்டித் தரும். பதினான்கு என்பது கட்டளை. இந்த ஏற்பாட்டில் பெயர் பெற்றது ஆப்டிகாம். செயின்ட் பால் நகரத்தை ஒட்டித் தலைமையகம் வைத்திருக்கும் 3எம் நிறுவனம் 1960களின் இறுதியில் கொண்டுவந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பொருள் என்பதால் எங்களுக்கு அதில் ஒரு சொந்தப் பெருமையே உண்டு.

சிலர் காரின் முன்விளக்கைப் படபடவென்று அடித்தால் சிக்னல் மாறும் என்று நம்புகிறார்கள். மாறாது. நொடிக்குப் பதினான்கு முறை, அதுவும் சீராக, மனிதக் கையால் அடிக்க முடியாது. அவர்கள் அடித்து முடிக்கும் நேரத்தில் தானாகவே வர வேண்டிய பச்சை வந்திருக்கும், அவ்வளவுதான்.

இப்படி ஒரு முன்னுரிமை அழைப்பு வரும்போது மஞ்சளைக் குறைக்கக் கூடாது. மஞ்சளுக்குப் பின் எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும் நேரத்தையும் குறைக்கக் கூடாது. விதிநூல் இதில் கண்டிப்பானது. ஆனால் நடப்பவர்களின் நேரத்தைக் குறைக்கலாம். வேண்டுமென்றால் முழுவதுமாகவே வெட்டலாம், அதற்கும் விதிநூல் இடம் தருகிறது. எவ்வளவு வெட்டுவது என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். எங்கள் ஊரில் அதை முடிவு செய்தது நான். தீயணைப்புத் துறையினரோடு உட்கார்ந்து பேசி, 21 நொடிக் கை படத்தை அழைப்பு வரும்போது 8 நொடியாக்கலாம் என்று எழுதியிருந்தேன். வீடு எரிகிறபோது 13 நொடி பெரிது என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கதவின் உட்புறத் தாளில் அந்த 8 என் கையெழுத்தில்தான் இருந்தது.

அம்மாவின் காலையை அந்த 8-ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் இறங்கி ஒன்பதாவது நொடியில் அழைப்பு வந்திருந்தால், பதினைந்தாவது நொடியில் கை படம் முடியும். மஞ்சள் 4 நொடி, முழுச் சிவப்பு 2 நொடி. இருபத்தோராவது நொடியில் பெரிய சாலைக்குப் பச்சை. அதற்குள் அம்மா 63 அடி போயிருப்பாள். மீதி 21 அடி. ஏறத்தாழ இரண்டு தடங்கள். அவள் சொன்ன இடம் அதேதான்.

"அந்த நேரம் தீயணைப்பு வண்டி வந்ததா அம்மா?" என்று கேட்டேன்.

"வந்தால் சத்தம் கேட்டிருக்குமே. கேட்டிருந்தால் இறங்கியிருக்கவே மாட்டேனே" என்றாள்.

அந்த பதிலில் நான் அப்படியே நின்றுவிட்டேன். எட்டு நொடி போதும் என்று நாங்கள் முடிவு செய்தபோது வாய்விட்டுச் சொல்லாத ஒரு நம்பிக்கை அதற்குள் இருந்தது. வருகிற வண்டி அலறிக்கொண்டு வரும். நடப்பவர் அரை மைல் தூரத்திலேயே கேட்டு ஒதுங்கிவிடுவார். குறைத்த நொடிகளைச் சைரன் ஈடுகட்டும். சைரனே இல்லாமல் ஒரு பச்சை வரும் என்று நாங்கள் யாருமே நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று மதியமே எங்கள் டெக்னீஷியனோடு போய்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வழக்கமான வாசனை, சூடான தூசியும் பழைய ரப்பரும். மடிக்கணினியைக் கம்பி கொண்டு இணைத்து, அண்மைய முன்னுரிமை அழைப்புகளின் பதிவை இறக்கினோம். எங்கள் தீயணைப்பு வண்டிகளின் விளக்குகள் துடிப்போடு சேர்த்துத் தங்கள் அடையாள எண்ணையும் அனுப்பும். பதிவில் அவை எண்ணோடு இருந்தன. நடுநடுவே எண்ணில்லாத அழைப்புகள். வடக்கிலிருந்து தெற்கே. காலை 7:38. 7:41. 7:39. 7:40. திங்கள் முதல் வெள்ளி வரை. சனி இல்லை, ஞாயிறு இல்லை. மே 31 திங்கட்கிழமை, நினைவு நாள் விடுமுறை, அன்றும் இல்லை.

டெக்னீஷியன் தாளில் விரலை வைத்தார். நெருப்புக்கு ஏது விடுமுறை என்றார்.

எண்ணில்லாத துடிப்புக்கும் எங்கள் சிக்னல்கள் வழிவிட்டதற்குக் காரணம் உண்டு. பக்கத்து ஊர்களின் பழைய வண்டிகளில் எண் அனுப்பாத விளக்குகள் இருந்தன. பெரிய விபத்தென்றால் அவர்களும் உதவிக்கு வருவார்கள். அவர்களுக்காகத் திறந்து வைத்த கதவு அது. அதன் வழியாகத்தான் ஒருவர் தினமும் காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு கருவி விற்பனையில் இருப்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2003 இலையுதிர் காலத்தில் நாளிதழ்களில் அடிபட்ட செய்திதான். மிர்ட் என்று அழைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதே துடிப்பில் அனுப்புகிற சிறு பெட்டி, விலை சில நூறு டாலர். 1,500 அடி தூரத்திலிருந்தே வேலை செய்யும் என்று விளம்பரம். இணைய ஏலத்திலும் கிடைத்தது. கையில் சாலிடரிங் இரும்பு உள்ளவர்கள் தாங்களே செய்துகொண்டதும் உண்டு. அப்போது அதற்கென்று நாடு முழுமைக்குமான சட்டம் கிடையாது. எங்கள் ஊரில் யார் வாங்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அடுத்தடுத்த மூன்று சந்திப்புகளில் ஆள் நின்றது. முதல் பெட்டியருகே நான், இரண்டாவதில் டெக்னீஷியன், மூன்றாவதை ஒட்டிய தேவாலய வாகன நிறுத்தத்தில் காவலர் ஒருவர். சிக்னல் அழைப்பை ஏற்றுக்கொண்டது என்று தீயணைப்பு ஓட்டுநருக்குத் தெரிவிக்க, கம்பத்தில் ஒரு வெள்ளை விளக்கு உண்டு. 7:39-க்கு அது எரிந்தது. சாலையில் ஒரு சத்தமும் இல்லை. பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. குறுக்குச் சாலையில் காத்திருந்து பச்சை கிடைத்து நகரத் தொடங்கியிருந்த பள்ளிப் பேருந்து ஒன்று மறுபடியும் மஞ்சளுக்கு நின்றது. தெற்குத் திசைக்குப் பச்சை விழுந்து சில வண்டிகள் போயின. மூன்று சந்திப்பிலும் விளக்கு எரிந்த நேரத்தில் முன்னால் வந்தது ஒரே வண்டி, வெள்ளி நிறக் கார். காவலர் நிறுத்தினார்.

நானும் போய்ப் பார்த்தேன். காரின் முன்கண்ணாடியில் உறிஞ்சு ரப்பரால் ஒட்டிய கறுப்புப் பெட்டி. குழந்தைகளின் டிபன் டப்பா அளவு. சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து ஒரு கம்பி. முன்பக்கம் கருஞ்சிவப்பு பிளாஸ்டிக், அதன் பின்னால் வரிசை வரிசையாகக் கடுகுமணி விளக்குகள். காவலர் அதை முடுக்கிக் காட்டினார். வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. டெக்னீஷியன் தன் டிஜிட்டல் கேமராவை அதன்மேல் பிடித்தார். சின்னத் திரையில் ஊதா நிறப் புள்ளிகள் கூட்டமாகத் துடித்தன. என் வயிற்றில் ஏதோ புரண்டது. நொடிக்குப் பதினான்கு. அம்மாவின் முழங்காலுக்கு மேல் தினமும் அதுதான் அடித்துக்கொண்டிருந்தது.

ஓட்டியவர் நாற்பதுகளின் கடைசியில் இருப்பவர், சலவைச் சட்டை, பக்கத்து இருக்கையில் மதியச் சாப்பாட்டுப் பை. ரவுடி அல்லர். என் அலுவலகத்திலேயே பார்க்கக்கூடிய முகம். நாள்தோறும் நாலு நிமிடம் மிச்சமாகிறது, இதனால் யாருக்கும் எந்தத் தீங்கும் நடக்கவில்லையே என்று காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் அப்படி நினைப்பதற்கு இடம் இருந்தது, ஏனென்றால் அவரால் பார்க்க முடியாது. 45 மைல் வேகத்தில் வருகிற கார் நொடிக்கு 66 அடி போகும். 1,500 அடி தூரத்தில் சிக்னல் அவர் அழைப்பைப் பிடிக்கிறது. பன்னிரண்டு நொடியில் அவருக்குப் பச்சை விழும்போது, அவர் இன்னும் 700 அடிக்கு அப்பால்தான் இருக்கிறார். நடுச்சாலையில் சேலையோடு ஒரு கிழவி திகைத்து நிற்பதும், லாரி பிரேக் அடிப்பதும் அவருக்கு முன்னால் நிற்கும் வண்டிகளுக்கு அப்பால் நடந்து முடிந்துவிடும். அவர் வந்து சேரும்போது வழி சுத்தமாக இருக்கும். தினமும் பார்க்கிறார், தினமும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "7:40-க்கு என் அம்மா இந்தச் சாலையைக் கடக்கிறாள்." அவர் பதில் சொல்லவில்லை. திரும்பி வடக்கே பார்த்தார். அங்கிருந்து அந்தக் கடக்கும் கோடு தெரியாது.

கருவியைக் காவலர் எடுத்துக்கொண்டார். சிக்னலில் குறுக்கிட்டதற்குச் சிறு அபராதம், அவ்வளவுதான் அன்று முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2006-இல், கொலராடோவின் லாங்மான்ட் நகரில் இதே போல ஒருவர் பிடிபட்டபோது அபராதம் 50 டாலர் என்று படித்தேன். அங்கேயும் சிக்னல்கள் ஒழுங்கு தவறுவதைப் பொறியாளர்கள் கவனித்து, ஒவ்வொரு முறையும் ஒரே வெள்ளை பிக்கப் வண்டி கடந்து போவதைக் கண்டுதான் பிடித்தார்கள். ஐம்பது டாலர்! எனக்குக் கோபம் அடங்க நாளாயிற்று.

அபராதத்தைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்தது பதிவில் இருந்த ஒரு வரி. ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை. 7:39-க்குத் தெற்குத் திசையில் எண்ணில்லாத அழைப்பு. அது இன்னும் விடாமல் இருக்கும்போதே கிழக்கிலிருந்து இன்னொரு அழைப்பு, எண்ணோடு. ஆம்புலன்ஸ். ஒரே தகுதியில் இரண்டு அழைப்பு வந்தால் முதலில் வந்ததற்குத்தான் சிக்னல் வழிவிடும். பெட்டிக்கு யார் என்று தெரியாது, பதினான்கு என்றால் பதினான்குதான். ஆம்புலன்ஸ் 17 நொடி வரிசையில் நின்றிருக்கிறது. அதற்குள் யார் படுத்திருந்தார்கள், என்ன ஆயிற்று என்பதெல்லாம் பதிவில் வராது. நானும் போய்க் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை என்பதே உண்மை.

போக்குவரத்து நெரிசலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அது எனக்கு இரண்டாம் பட்சம். அந்தச் சாலையின் சிக்னல்களை ஒன்றோடொன்று ஒத்துப் போகும்படி வைத்திருந்தோம், சரியான வேகத்தில் வந்தால் அடுத்தடுத்துப் பச்சை கிடைக்கும்படி. ஒருமுறை குலைத்தால் பழைய ஒழுங்குக்குத் திரும்ப இரண்டு மூன்று சுற்றுகள் ஆகும். ஒரு சுற்று இரண்டு நிமிடம். அவருடைய நாலு நிமிடத்துக்காக ஐந்து சந்திப்புகளில் குறுக்கே காத்திருந்த எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியிருக்கிறார்.

நாடு தழுவிய சட்டம் 2005 ஆகஸ்ட் 10-ஆம் தேதி கையெழுத்தான பெரிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் ஒரு பகுதியாக வந்தது. தகுதியில்லாதவர் பயன்படுத்தினால் ஆறு மாதம் வரை சிறை, தகுதியில்லாதவருக்கு விற்றால் ஓராண்டு வரை. விற்றவனுக்குக் கூடுதல் தண்டனை வைத்தது எனக்குப் பிடித்தது. எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்ய வேண்டியதும் இருந்தது. பக்கத்து ஊர்களின் பழைய விளக்குகளை மாற்றச் சொல்லி, எண்ணில்லாத துடிப்பு எதையும் சிக்னல் ஏற்காதபடி செய்ய ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. பணம் யார் கொடுப்பது என்பதில்தான் அதில் பாதிக்காலம் போனது. தம்பி மகனுக்கான பதில் இதுதான்: ஒரு காலத்தில் வேலை செய்தது. எண் கேட்கிற சிக்னலில் செய்யாது. எண் கேட்காத பழைய சிக்னல் எங்காவது இன்னும் இருந்தால் செய்யும், அங்கேயும் யாரோ ஒருவர் நடந்து போய்க்கொண்டிருப்பார்.

அந்த 8-ஐ என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. தீயணைப்புத் தலைவரிடம் போனேன். ஏரி, தொடக்கப் பள்ளி, முதியோர் குடியிருப்பு, இந்த மூன்று இடங்களில் மட்டும் நடப்பவர்களின் நேரத்தை வெட்டாமல் முழு 21 நொடியும் விட வேண்டும் என்று கேட்டேன். மறுப்பார் என்று வாதங்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் நிலைய வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்தார். அந்த மூன்று இடங்களுக்கும் தன் வண்டி வேறு வழியாகப் போக முடியுமா என்று விரலால் கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு, சரி, மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அன்று மாலையே பெட்டியைத் திறந்து 8-ஐ அடித்துப் பக்கத்தில் 21 என்று எழுதி, தேதி போட்டேன்.

அம்மா அக்டோபரில் ஊருக்குத் திரும்பினாள். அடுத்த கோடையில் மறுபடியும் வந்தாள். முதல் நாள் காலை நானும் கூடப் போனேன். மனிதன் படம் வந்தது. நான் காலை எடுத்து வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். முதலில் கம்பத்தின் மேலே இருக்கும் அந்த வெள்ளை விளக்கை அண்ணாந்து பார்த்தாள். எரியவில்லை. அதன் பிறகுதான் இறங்கினாள்.